இரவல் ஷூ போட்டுக் கேட்ட சம்பளம்

கொதிக்கிற மைதாப் பசையின் வாசனை... இன்றைக்கும் யாராவது சுவரில் போஸ்டர் ஒட்டினால் எனக்கு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் தொடக்கம். அங்கே ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் பின் அடிக்கிற மெஷினில் இருந்தேன். பத்தாவது ஃபெயிலான எனக்கு அதுவே பெரிய உத்தியோகம். ஒருநாள் கூப்பிட்டு, அடுத்த மாசத்திலிருந்து நீ சூப்பர்வைசர் என்றார்கள். வீடு இருந்த உப்பளம் வரைக்கும் சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மரி காற்றைப் பிடுங்கிவிட்டாள். சூப்பர்வைசர் என்றால் ஸ்டாஃப். ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கிடையாது. எங்கள் வாடகையே ஓவர்டைமில்தான் ஓடியது. அவளுக்கு அப்போது ஏழாம் மாசம் வேறு.

"பேரு பெருசாயி சம்பளம் சிறுசாவுதா? ஏத்திக் குடுங்கன்னு கேளுங்க. கேக்காம மட்டும் வந்துடாதீங்க."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்... சைக்கிளில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "சார், வந்து..." என்பதைத் தாண்டி ஒரு நாளும் போகவில்லை.

செருப்புக் காலோடு போய் நின்றால் ஸ்டாஃப் என்று யார் மதிப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குபவர். அவருடைய பளபள ஷூவை இரவல் வாங்கினேன். அவர் கால் பெரிசு. உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் ரூமில் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"என்ன முசியே, சீமை ஷூவா? வூட்ல யாரு சொல்தா, மாமனாரா? அப்ப இந்தச் சம்பளம்லாம் ஒனக்குக் கைச்செலவுக்குதான்."

பிரெஞ்சு பென்ஷன் வருகிற வீடு என்றால் எங்கள் ஊரில் பணக்கார வீடு, அதற்குமேல் பேச்சே இல்லை. மதிப்புக்குப் போட்ட ஷூ வாடகைக்கே உலை வைத்துவிட்டது.

ஒத்திகை எல்லாம் மறந்து போச்சு. குனிந்து ஒரு ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த துணியை உருவிக் காட்டினேன். மரியின் பழைய பாவாடைத் துணி.

"இரவல் சார். ஓவர்டைம் போச்சுன்னா வாடகை குடுக்க முடியாது சார். வூட்ல ஏழு மாசம்."

"மொதல்ல அத மாட்டு" என்றார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

சம்பளம் ஏறியது, ஆனால் ஓவர்டைமில் வந்த அளவுக்கு இல்லை. வீட்டைக் காலி பண்ணாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

போன மாசம் என் சின்னப் பையன் அவன் கம்பெனிக்குள்ளேயே வேறு டீமுக்கு மாறினான். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இங்கிலீஷில் இவ்வளவு வேணும் என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். தேங்க்ஸ் சொல்லிவிட்டு தோசை சாப்பிட வந்துவிட்டான். தூக்கம் வராமல் புரண்டது நான்தான்.

தாங்காமல், தரமாட்டோம் என்றால் என்னடா பண்ணுவாய் என்று கேட்டேன்.

"வேற கம்பெனி பாத்துக்குறேம்பா."

வேற கம்பெனி... அது மேட்டுப்பாளையத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே.