மேடை மறுக்கப்பட்டவளும் இருமுறை சேவிக்கும் பாசுரமும்

அரவணையை விடுத்து, அலைகடலின் ஓரத்தில் வெறுந்தரையையே படுக்கையாகக் கொண்ட மல்லைப் பெருமானே! எளியவர்க்காகத் தாழ இறங்கியவனும் நீயே; தூணைப் பிளந்து செருக்கனின் மார்பைக் கிழித்தவனும் நீயே. இந்த எழுத்துக்கு அந்த இரண்டாவது கோலத்தில் வந்து காப்பாக நில்.

மார்கழி வளர்பிறை ஏகாதசியும் கார்த்திகை நட்சத்திரமும் வியாழக்கிழமையும் கூடிய நாளில் இதைத் தொடங்குகிறேன். "நல்ல நாளும் அதுவுமா கோபத்தையா எழுதப்போறேள்?" என்று கேட்டாள் என் மனைவி. ஓராண்டாகப் பழுதுபடாமல் காத்துவைத்த கோபம்; அதற்கு நல்ல நாள்தானே பொருந்தும் என்றேன். அவள் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைக் கூடிச் சேவிக்கும், அதாவது ஓதும், எங்கள் கோஷ்டியில் பாசுரத்தின் முதலடியை எடுத்துக்கொடுத்து வந்த பெரியவருக்குத் தொண்டையில் அறுவை நடந்து குரல் போய்விட்டது. எஞ்சியவர்களில் பாதிப் பேர் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள். யார் எடுத்துக்கொடுத்தாலும் எங்கேனும் தடுமாறியது. அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று, இறுதியாண்டு மாணவர்களின் மென்பொருள் திட்டப்பணிக்கு வெளியார் கூட்டாளிகளைத் தேடியது. தேவையைக் கூட்டாளி சொல்ல வேண்டும். மாணவர்கள் ஓராண்டு உழைத்து அதைச் செய்து தரவேண்டும். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை செய்தவரையில் காட்டவேண்டும். அடியேன் கூட்டாளியானேன்.

எனக்கு வாய்த்தவர்கள் இருவர். தலைமை வகித்தவள், கல்பாக்கம் சாலையிலுள்ள மீனவக் குப்பத்துப் பெண். அவளோடு வந்தவன் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளை. முதல் சந்திப்பிலேயே அவள் கேட்டாள்: "சாமி, நீங்க பாடறத போன் கேக்கணும், ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டோட மொதல் அடிய அதுவே எடுத்துக் குடுக்கணும். அவ்ளோதானே?"

"அவ்வளவேதான்."

"அவ்ளோதான்னு ஈஸியா சொல்லிக்கினு கீறாரு பாரு," என்றான் அந்தப் பிள்ளை. "பன்னெண்டு பேரு பன்னெண்டு ராகத்துல பாடுவாங்க மச்சி. அந்த போன் பேஜாராயிடும்."

ஆனால் செய்தார்கள். மார்கழிக் குளிரில் விடியலுக்கு முன்பே வந்து எங்கள் குரல்களைப் பதிந்தார்கள். அவன் தலையில் குல்லாயோடு மண்டபத் தூணில் சாய்ந்தபடி ஒலிவாங்கியைப் பிடித்திருப்பான். அவள் ஒவ்வொரு பாசுரத்துக்கும் பொருள் கேட்பாள். பொருள் தெரியாமல் எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும் என்பாள். அந்தக் கேள்விக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆண்டு முடிவில் கல்லூரியில் திட்டப்பணிகளின் அரங்கேற்றம். சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தார் வருவார்கள். மேடையேறி விளக்குபவரைத்தான் நேர்காணலுக்கு அழைப்பார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் மேற்கொண்டு வெளியே அனுப்புவதில்லை என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது. அரங்கேற்றத்துக்கு முந்தைய சனிக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"நான் மேடை ஏறலீங்க சாமி. கைடு சார் அவரு மச்சினர் பையன ஏறச் சொல்ட்டாரு. அவன் ப்ராஜெக்ட் ஊத்திக்கிச்சாம்."

"உன்னை ஏன் இறக்கினார்?"

அவள் தரையைப் பார்த்தாள். பிள்ளைதான் சொன்னான்: "இவ மேடைல 'இன்னா', 'கீது'ன்னு பேசினா காலேஜ் மானம் போயிடுமாம் சார். மீன் மார்க்கெட் மாரி இருக்குமாம்."

எம்பெருமான் எத்தனையோ மொழியில் அழுதவர்களுக்கு இரங்கியிருக்கிறான். ஒருவரிடமும் உச்சரிப்பைச் சோதித்ததாக நான் சேவித்த எந்தப் பாசுரமும் சொல்லவில்லை. மறுநாளே வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். அவள் மேடையேறினால் கல்லூரியின் மானம் போய்விடும் என்றீர்களாமே என்று பணிவோடுதான் கேட்டேன். நாற்காலியிலிருந்து எழாமலே, அதை மறுக்காமலே அவர் சிரித்தார்.

"பெரியவங்க நீங்க. உங்களுக்கு வேண்டியது ஆப். அது கிடைச்சிடும். அதுவும் இன்னும் சுத்தமா கிடைக்கும். அந்தப் பொண்ணு கவனமில்லாம கடைசிப் பாட்டையெல்லாம் ரெண்டு ரெண்டு தடவை போட்டு வச்சிருந்தா. நம்ம பையன் ஒரே நாள்ல எல்லா டூப்ளிகேட்டையும் தூக்கிட்டான்."

எங்கள் கோஷ்டி இரு வரிசையாக எதிரெதிரே அமர்வது வழக்கம். பலன் சொல்லும் கடைசிப் பாசுரத்தை ஒரு வரிசை சேவித்து முடித்ததும் எதிர்வரிசை அதையே மீண்டும் எடுக்கும். இருமுறை சொன்னால்தான் அந்தத் திருமொழி, அதாவது அந்தப் பதிகம், முடிந்ததாகும். அவள் அதைக் கேட்டு, உணர்ந்து, இருமுறையும் தனித்தனியே வைத்திருந்தாள். அதைத்தான் குப்பை என்று அள்ளி எறிந்திருந்தார்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பார்கள். சொல்லவில்லை. "மிக்க சந்தோஷம்" என்று கைகூப்பிவிட்டு வந்தேன். பேருந்தில் திரும்பும்போது என் நெஞ்சு இனித்தது. இன்றும் அந்த இனிப்பு குறையவில்லை.

அரங்கேற்றத்தன்று கோஷ்டி முழுவதையும் வேன் வைத்து அழைத்துச்சென்றேன். பன்னிரு திருமண்காப்பும் பஞ்சகச்சமுமாக முதலிரண்டு வரிசைகளில் நாங்கள் அமர்ந்தோம். அந்தப் பெண் எங்கோ கடைசியில் இருந்தாள். மைத்துனர் மகன் கோட்டு அணிந்து, பழுதற்ற ஆங்கிலத்தில் விளக்கினான். நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த அம்மையார் தலையசைத்தார். நான் எழுந்தேன்.

"பதிவுசெய்ததைப் போட்டுக் காட்டுவானேன்? பாடுபவர்களே வந்திருக்கிறோம். உடன் சேவிக்கிறோமே."

அம்மையார் மகிழ்ந்தார். பேராசிரியரும் மகிழ்ந்தார். பாசுரத்துக்குப் பாசுரம் கருவி முதலடியை எடுத்துக்கொடுத்தது. அரங்கமே அடங்கிக் கேட்டது. கடைசிப் பாசுரம் முடிந்தது. பின்வரிசை அதையே மீண்டும் எடுத்தது. கருவியோ அடுத்த திருமொழியின் முதலடியை ஒலிபெருக்கியில் முழங்கியது. நாங்கள் நிறுத்தவில்லை. அதுவும் நிறுத்தவில்லை. பையன் திரையைத் தட்டத் தட்ட அது அதற்கும் அடுத்ததற்குத் தாவியது. மாணவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"இது ஏன் காத்திருக்கவில்லை?" என்று அம்மையார் கேட்டார்.

"டூப்ளிகேட் மேடம்... ரிமூவ் பண்ணிட்டோம்," என்றான் பையன்.

குரல் போன பெரியவர் மெல்ல மேடையேறி, ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிக்கொண்டார். அந்தக் கரகரப்பு அரங்கம் முழுதும் கேட்டது: "ரெண்டு தரம் கேட்கணும்னு பெருமாளே காத்துண்டிருக்கார். நீ யாருடா அம்பி, ஒரு தரம் போறும்னு சொல்றதுக்கு?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "இப்போதே சரிசெய்ய முடியுமா?" என்றார் அம்மையார். பையன் தன் மாமாவைப் பார்த்தான். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அதுவரை காத்திருந்த நான், ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொன்னேன்: "இதைச் செய்தவள் கடைசி வரிசையில் இருக்கிறாள். அவளை மேடைக்கு ஏற்றினால் கல்லூரியின் மானம் போய்விடும் என்று இந்தப் பேராசிரியர் என்னிடம் மறுக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்."

பாத்திரக்கடைப் பிள்ளை பின்னாலிருந்து கத்தினான்: "போ மச்சி, போ!"

அவள் வந்தாள். மடிக்கணினியைத் திறந்து பழைய வடிவத்தை மீட்டெடுத்தபடியே ஒலிவாங்கியில் பேசினாள்: "இன்னா சார் இது, தூக்கிட்டீங்களா? ரெண்டு வரிசை கீது சார். மொத வரிசை சொல்றத ரெண்டாவது வரிசை வாங்கிச் சொல்லும். அவங்க சொல்லி முடிக்காம நம்ம எப்டி போறது?" அதைவிடத் தெளிவாக எங்கள் மரபை நானும் சொன்னதில்லை. மீண்டும் சேவித்தோம், இம்முறை கருவி எங்களோடு நின்றது. அம்மையார் அவளைத் தனியே அழைத்துப்போனார். அவள் இன்று அந்த நிறுவனத்தில் இருக்கிறாள்.

பேராசிரியர் பிறகு இருமுறை கோயிலுக்கு வந்தார், தெரியாமல் நடந்துவிட்டது என்றார். பிரசாதம் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. மன்னிப்பது பெருமானின் தொழில். அதில் அடியேன் குறுக்கிடுவதில்லை.

இந்த ஆண்டும் கல்லூரியிலிருந்து கூட்டாளியாக வரும்படி முதல்வரே நேரில் வந்து கேட்டார். புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பை அந்தப் பெண் எடுக்க வேண்டும், வழிகாட்டிகள் அனைவரும் முன்வரிசையில் அமர வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். சென்ற சனிக்கிழமை வகுப்பு நடந்தது. பேராசிரியர் தலையைக் குனிந்தபடி அமர்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்து, எந்த வன்மமும் இல்லாமல், "இன்னா சார், நல்லாக்கீறீங்களா? பின்னாடி கேக்குதா பாருங்க," என்றாள். அவர் திரும்பிப் பார்த்து, கேட்கிறது என்று கையசைத்தார். அவளுக்கு இல்லாத வன்மத்தையும் சேர்த்து நானே அனுபவித்துக்கொண்டேன்.

இதைப் படித்தவர்களும், படிக்கக் கேட்டவர்களும், தம் மொழியில் தாம் பேசும் மேடை பெற்று, செய்த வேலைக்குத் தம் பெயரே நிற்க, மல்லைக் கரையில் கிடந்தவனின் அருளால் குறைவின்றி வாழ்க. பேராசிரியரும் இதைப் படித்தால் அவருக்கும் அந்த வாழ்த்தில் பங்குண்டு. முழுவதும் படித்தால் மட்டும்.