தெளிந்துபோன ஆறு ஃபிளாஸ்க்

ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் குவாலிட்டியில் இருந்துவிட்டு, ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு டெக்னீஷியனாக வந்தேன். கம்பெனியை விட்டாலும் ஃபைவ் எஸ் என்னை விடவில்லை. வேண்டாததைக் கழி, மிச்சத்தை ஒழுங்காக வை, துடை என்பதுதான் அதன் சாரம். சனிக்கிழமை ஆனால் பயன்படாத பொருளுக்கெல்லாம் ரெட் டேக் கட்டி வெளியே தள்ளிவிடுவேன். என்னைக் கண்டால் பேராசிரியர்களே மேசையை ஒதுக்குவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அங்கே நிர்மலா மேடம் ஆறு ஃபிளாஸ்க்கில் பாசியைத் தீனியாகப் போட்டு ஒரு அமீபாவை வளர்த்துக்கொண்டிருந்தார். கெலமங்கலம் பக்கம் ரோஜா போட்டிருக்கும் நாரப்பனின் பண்ணைக்குட்டையில் நீலப்பச்சைப் பாசி கெட்டியாகப் படர்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தெளிவாக இருந்ததைப் பார்த்து, அங்கிருந்து மேடம் எடுத்து வந்தது அது. நூல் நூலான பாசியைச் சுருட்டி விழுங்கும். இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று மேடம் நம்பினார். அளவெடுத்து, படமெடுத்து, ஆய்வுப் பேப்பரைப் பாதி எழுதியும் விட்டார். மரபணு பார்ப்பதுதான் பாக்கி. அதற்கு உயிரோடு வளரும் கல்ச்சர் வேண்டும்.

ஒரு வாரம் மேடம் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். சனிக்கிழமை அலமாரியைத் திறந்தேன். பச்சையாக இருந்த ஆறு ஃபிளாஸ்க்கும் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தன. கல்ச்சர் செத்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, கொட்டிவிட்டுக் கழுவ உட்கார்ந்தேன். அமீபா தின்று தீர்த்ததால்தான் தண்ணீர் தெளிந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை மேடம் வந்து காலி அலமாரியைப் பார்த்தார்.

"செத்துப்போச்சாக்கா?"

தலையாட்டிவிட்டேன்.

"நான்தான் கூடுதலா பாசி போட்டுட்டுப் போயிருக்கணும். இருந்ததைத் தின்னு தீர்த்துட்டு பட்டினியில செத்திருக்கு. என் தப்பு."

உடனே நாரப்பனுக்குப் போன் போட்டு, மறுபடி தண்ணீர் எடுக்க வரலாமா என்று கேட்டார். நாரப்பன் குரல் எனக்கும் கேட்டது.

"பாசி சாகட்டும்னு குட்டையில மயில்துத்தம் கலக்கி ஊத்திட்டேன் மேடம். டிரிப் பைப்பெல்லாம் பாசி அடைச்சிக்கிச்சு, செடி காயுது. நான் என்ன பண்றது?"

மயில்துத்தத்தில் பாசியோடு அமீபாவும் செத்திருக்கும். மேடம் போனை வைத்தார். "சரி விடுங்கக்கா. பேப்பரை மூடி வச்சிரலாம்" என்றார். தண்ணீர் தெளிந்த காரணம் அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்திருந்தது; என் தப்பை அவர் தலையில் போட்டுக்கொண்டு பேசியது எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், அது தானா சாகல. தெளிஞ்சிருக்குதேன்னு நான்தான் கழுவிட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்லக்கா? ஆறையுமா கழுவிட்டீங்க?"

"அஞ்சு. ஒண்ணுல அடியில பொடிப்பொடியா புள்ளி ஒட்டியிருந்துச்சு. பிரஷ் போட்டும் போகல. தண்ணி ஊத்தி ஊற வச்சிருக்கேன். சாயந்தரம் ஆசிட்ல கழுவலாம்னு..."

முடிப்பதற்குள் மேடம் சிங்க் பக்கம் ஓடினார். புள்ளிகளைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அத்தனையும் சிஸ்ட். தின்ன ஒன்றும் இல்லாதபோது அமீபா உருண்டையாகி, சுற்றி ஓடு கட்டிக்கொண்டு கிடக்குமாம். புதுப் பாசி போட்டுக் காத்திருந்தோம். நான்காம் நாள் ஒன்று ஓட்டைவிட்டு வழிந்து வெளியே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பேப்பர் பிறகு வெளிவந்தது. அதில் சிஸ்ட் பற்றிய பத்தி முழுக்க அந்த ஒரு ஃபிளாஸ்க்கில் பார்த்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமை நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், சாயங்காலம் ஆசிட் ஊற்றி அந்த ஆறாவது ஃபிளாஸ்க்கையும் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருப்பேன்.