மூன்றாவது ஓட்டை

சவரிமுத்து போய்விட்டான். இன்று காலை, நிலக்கோட்டையில். நெஞ்சுவலியாம்... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அவன் தம்பி போனில் சொன்னார்.

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இதை டைப் செய்யும்போதும் அடங்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஒரு மரப்பட்டறையில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரே வயசு, மரம் அறுக்க ஒரே பேண்ட்சா மிஷின்.

அவன் ஊர் தாடிக்கொம்பு தாண்டி. அங்கே பழைய மாதா கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய கோயிலின் தேக்கு உத்தரங்களை அறுத்தே புதுக் கோயிலுக்கு ஆர்ச் ஜன்னல் செய்ய வேண்டும் என்று ஃபாதருக்கு ஆசை. அந்த ஆர்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே சவரிதான்.

எல்லா வளைவும் ஒரே மாதிரி வர வேண்டும். கண் பார்த்து அறுத்தால் வராது. அதனால் நான் ஒரு ஜிக் செய்தேன்.

மிஷின் மேஜைமேல் ஒரு பலகை, பலகையில் ஓர் ஆணி. மரத்தை ஒரு நீளச் சட்டத்தில் திருகி, அந்தச் சட்டத்தை ஆணியில் மாட்டிச் சுற்றினால் பிளேடு வளைவாக அறுத்துக்கொண்டே போகும். சொல்ல சுலபம்.

மூன்று நாள் உயிரை வாங்கியது. ஆணி பிளேடின் பல்லுக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பிளேடு இழுக்கும், மரம் கருகும். வேஸ்ட் கட்டையாக அறுத்துத் தள்ளி, பட்டறை முழுக்க ஒரே புகை. கடுப்பில் சுத்தியலைத் தூக்கி எறிந்தேன்.

சவரி அதைப் பொறுக்கி வந்து என் கையில் கொடுத்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பலகையை இம்மி இம்மியாகத் தள்ளி... ஒருவழியாக வந்தது.

பலகையில் ஐந்து ஓட்டை. ஆணியை எதில் போடுகிறோமோ அதற்கேற்ற வளைவு. ஜன்னலுக்கு இரண்டாவது. மறக்காமல் இருக்கப் பக்கத்தில் குறித்தும் வைத்தேன்... பென்சிலால். அதுதான் என் புத்தி.

ஜன்னல் மரத்தில் கை வைப்பதற்குள் ஆயுத பூஜை வந்தது.

சவரி சாமி படத்துக்குப் பொட்டு வைக்க மாட்டான். மிஷினுக்கு வைப்பான். மற்றவர்களைவிடச் சுத்தமாகத் துடைப்பவனும் அவன்தான். அந்த வருஷம் என் பலகையையும் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஐந்து ஓட்டையிலும் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்துவிட்டான். என் பென்சில் குறியும் போயிற்று.

மறுநாள் பூஜை பிரித்து மிஷின் ஓட்டும்போது, உள்ளேயிருந்து கேட்டான், ஜன்னலுக்கு எத்தனாவது ஓட்டை என்று.

நான் வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. "மூணு" என்றேன்.

முதலில் இரண்டு துண்டை மட்டும் அறுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான். ஜிக் இருக்கும்போது அது எதற்கு என்று அதையும் நான்தான் தடுத்தேன்.

ஜன்னல் மரம் அத்தனையும் அறுத்து முடித்த பிறகுதான் சேர்த்துப் பார்த்தோம். அரைவட்டம் வரவில்லை. சப்பையாக நின்றது. திரும்ப அறுக்க மரத்தில் சதை இல்லை.

முதலாளி வந்துவிட்டார். ஃபாதரும் வந்துவிட்டார். சவரி ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

"நீதானப்பா மூணுன்ன."

"நான் ரெண்டுன்னுதான் சொன்னேன்."

திட்டு முழுக்க அவனுக்கு.

அன்றைக்குச் சாயங்காலமே சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தேன். வேஸ்ட் கட்டை அறுத்த நாட்களில் ஆணி போட்டுப் போட்டு இரண்டாவது ஓட்டைதான் வாய் அகன்று கிடந்தது. மூணு என்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லும்போது வாயில் பொரி இருந்தது வரைக்கும் ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தேன்.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை.

புதுக் கோயிலுக்கு வேறு மரத்தில் ஜன்னல் போட்டார்கள். கோயில் மரத்தைப் பாழாக்கியவன் என்று ஊரில் அவனுக்குப் பேராகிவிட்டது. திருவிழாவில் சப்பரம் தூக்கப் போனவனை, "நீ கை வைக்காதப்பா, அதையும் அறுத்துப்புடுவ" என்று ஒருவர் கிண்டலடித்தாராம். அதற்கப்புறம்தான் நிலக்கோட்டைக்குக் குடிபோனான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அந்த ஜன்னல் விஷயம்... என்று ஆரம்பித்தேன். "அத விடுப்பா. சாப்டியா?" என்றான். பரோட்டா வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டான்.

இன்னொரு தடவை இதற்காகவே நிலக்கோட்டையில் அவன் போட்டிருந்த பட்டறைக்குப் போனேன். அங்கேயும் ஒரு பேண்ட்சா, அதன்மேல் நாங்கள் செய்த அதே மாதிரி ஒரு ஜிக். ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் சிவப்பு பெயிண்டில், பெரிசு பெரிசாக, 1, 2, 3, 4, 5.

நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"இப்ப யாரையும் கேக்க வேண்டியதில்ல பாரு" என்றான். நான் வாயெடுப்பதற்குள் டீ சொல்லப் போய்விட்டான்.

என்ன மனுஷன் இவன்... சண்டையாவது போட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். ஒரு அஞ்சு நிமிஷம் என்னைப் பேச விட்டிருக்கலாம்.

அவனைச் சொல்லி என்ன. பரோட்டாவை வைத்துவிட்டு நான் சொல்லியிருக்கலாம்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவன் ஊர்க் கோயிலில் அடக்கப் பூசை. வேறு மரத்தில் போட்ட அந்த ஜன்னல்களுக்கு நடுவில்தான் அவனை வைப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் நிறைய பேர் இருக்கிறீர்கள். பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கோயில் மரத்தைப் பாழாக்கியது சவரி இல்லை. மூணு என்று சொன்னது நான்.

நாளைக்கு வாரேன் சவரி. இந்தத் தடவை பேச்ச மாத்தாத.