வட மாகாணக் கண்ணாடிகளின் ஏக உரிமையாளர்

போன செவ்வாய்க்கிழமை வவுனியா பசார் வீதியில் சனம் கூடி நின்றது. கூட்டத்தைக் கண்டாலே குண்டுவெடிப்போ, சுற்றிவளைப்போ என்றுதானே நமக்கு நினைப்பு ஓடும்? சைக்கிளை விட்டு இறங்கி, எட்ட நின்று விசாரித்தேன்.

‘ஒண்டுமில்லை அக்கா, ஆரோ கண்ணாடி துடைக்கினம்’ என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

கண்ணாடி துடைப்பதைப் பார்க்க இவ்வளவு சனமா? அண்ணாந்து பார்த்தேன். இரண்டாம் மாடி யன்னல். ஏணியில் ஓர் ஆள் – நீல ரீ-சேட், நீலத் தொப்பி, கையில் நீண்ட தடி, முதுகில் ஆங்கிலத்தில் கொம்பனிப் பெயர். அவர் விழுந்து விழுந்து துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் கூரை வரை மண்மூடை அடுக்கியிருந்தது. ஊசிமுனை வெளிச்சம் உள்ளே போகாது. ஆனாலும் என்ன பளபளப்பு!

ஆள் திரும்பினார். நீலத்தைக் கண்டதுமே நினைத்தேன் – நம்முடைய அன்ரன்தான்.

அன்ரன் என் சின்னம்மாவின் மகன். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவன். இடம்பெயர்ந்து, அலைந்து, முகாமுக்கு வந்து, இப்போது மனைவி றெஜினாவோடு என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். கொழும்பில் இருந்து இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டில் என் தம்பி இருக்க நான் சம்மதித்தால் மட்டும் போதாது. வவுனியாவில் தங்க அரசாங்க அனுமதி, அதாவது பாஸ் வேண்டும். தவணை முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் முகாம்... ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் நாலு குடும்பம்.

பாஸ் கொடுக்கும் கந்தோருக்கு முன்பு ஒருமுறை போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த ஐயா கேட்டார்.

‘என்ன தொழில்?’

‘கடற்றொழில் ஐயா.’

‘வவுனியாவில என்னத்துக்குத் தங்கோணும்?’

‘தொழில் செய்ய ஐயா.’

‘எந்தக் கடலில?’

அன்ரன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். வவுனியாவில் குளம் இருக்கிறது, கடலுக்கு எங்கே போவது?

ஐயா கெட்ட மனிதர் அல்ல. கொஞ்சம் பொறுத்து, குறுகிய தவணைப் பாஸ் ஒன்று தந்தார். ‘அடுத்த முறை வரேக்க இஞ்ச செய்யிற தொழில் ஒண்டோட வாரும் தம்பி. இல்லாட்டி என்னால ஒண்டும் ஏலாது’ என்றார்.

அன்றிலிருந்து அன்ரனுக்கு ஒரே யோசனை, தொழில். அந்த நேரம் பார்த்து ஒரு கொழும்புக் கனவான் வவுனியாவில் வந்து இறங்கினார். யன்னல் கண்ணாடி துடைக்கும் கொம்பனியாம். ஊருக்கு ஊர் ஆள் பிடிக்கிறார்கள். இதற்குப் பெயர் பிரான்சைஸ். அதாவது – துடைப்பது நீங்கள், பெயர் அவர்களுடையது. பெயருக்குக் காசு கட்ட வேண்டும். வருமானத்திலும் ஒரு பங்கு போகும். பதிலுக்கு ரீ-சேட், தடி, நீலத் திரவம், பயிற்சி, முக்கியமாகக் கொம்பனிக் கடிதம்.

‘அக்கா, இதைத்தான் நான் தேடினனான்’ என்று துள்ளினான் அன்ரன்.

றெஜினா குசினிக்குள் இருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். ‘இஞ்சாருங்கோ, யன்னல் துடைக்கிறதுக்கு ஒருத்தனிட்டக் காசு குடுத்து உத்தரவு வாங்கோணுமே? அந்தோனியாரே! ஒரு வாளி, ஒரு துணி, ரெண்டு பழைய பேப்பர். நாங்களே துடங்குவம்.’

‘நீ சும்மா இரப்பா. வாளியைக் கொண்டுபோய்க் காட்டினா பாஸ் தருவினமே? பேர் வேணும், லெற்றர் வேணும்.’

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பத்தி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்களுக்கு ஒரு நம்பிக்கை. ‘ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு’ என்றேன். பத்தி எழுதுகிறவர்களை இதுவரை காப்பாற்றி வந்திருக்கும் வசனம் அது.

கனடாவில் இருக்கும் றெஜினாவின் அண்ணன் அனுப்பிய காசு கொம்பனிக்குப் போனது. கொழும்புக் கனவான் லொட்ஜ் அறையில் இலங்கைப் படத்தை விரித்தார். வவுனியாவுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். ‘இதற்கு மேலே முழுவதும் உங்களுக்குத்தான். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்’ என்றார். வட மாகாணம் முழுவதும்! யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு... அவ்வளவு இடத்திலும் கண்ணாடி துடைக்கும் ஏக உரிமை என் தம்பிக்கு.

அந்தப் பிரதேசத்தில் உடையாத கண்ணாடி எத்தனை மிச்சம் என்று கனவானும் கேட்கவில்லை, அன்ரனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வியாபாரம் முடிய வேண்டும் என்ற அவசரம்.

அடுத்தது பயிற்சி. கொழும்பில் நடக்கிறதாம். ஆனால் அன்ரன் கொழும்புக்குப் போக இன்னொரு பாஸ் எடுக்க வேண்டுமே! ஆகவே பயிற்சி வீடியோ கசெற் வடிவில் வந்தது. டெக் வாடகைக்கு எடுத்துப் போட்டோம். அயல் வீட்டுச் சனமும் வந்து இருந்தது. ஒரு வெள்ளைக்காரன் முகில் மட்டத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தான். அப்படியொரு கட்டடம் இந்தப் பக்கம் கட்டினால் ஆமியின் ஹெலிகொப்டர் எங்கே பறப்பது என்று யாரோ கேட்டார்கள். அன்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் வேலைக்குப் போனபோது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தடியை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தான்... நீண்டது. இன்னும் இழுத்தான், இன்னும் நீண்டது. துவக்கோடு நின்றவர் இரண்டு அடி பின்னால் போனார். நீலத் திரவத்தை மணந்து பார்த்தார்கள். கடைசியில் ‘செய்து காட்டு’ என்று அங்கே நின்ற ஜீப்பின் முன்கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தான். திருப்தி. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த ஜீப் அவனுக்காகக் காத்து நிற்கிறது. கொம்பனியின் வட மாகாண முதல் வாடிக்கையாளர்கள் – இலவசம்!

கொம்பனி விதிகளோ இன்னும் விசேஷம். துடைத்த கண்ணாடியில் எந்த ஒட்டும் இருக்கக் கூடாதாம், படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். எங்கள் ஊர்க் கந்தோர்க் கண்ணாடிகளில் என்ன இருக்கும்? குறுக்கும் மறுக்கும் ஒட்டுநாடா. குண்டு வெடித்தால் கண்ணாடி சிதறி ஆட்களில் பாயாமல் இருக்க ஒட்டியது. அதைக் கழற்ற எந்த மனேஜர் விடுவார்? அன்ரன் நாடாவைத் தொடாமல் முக்கோணம் முக்கோணமாகத் துடைத்தான். ‘தரம் போதாது’ என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது.

இதற்கிடையில் றெஜினா சும்மா இருந்தாளா? ஒரு வாளியோடு வெளிக்கிட்டாள். கொமினிக்கேசன் கடை ரெலிபோன் கூண்டுகள், நகைக்கடை, ஸ்ரூடியோ, பேக்கரியின் அலுமாரி... சின்னச் சின்னக் கண்ணாடிகள். கொம்பனி இவற்றைத் தொடாது, அதற்குக் கட்டடம் வேண்டும். றெஜினாவிடம் ரீ-சேட் இல்லை. கசெற் இல்லை. தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி, துடைக்கப் பழைய பேப்பர்.

‘உங்கட பேப்பர்தான் அக்கா திறம். நீங்கள் எழுதிற பக்கத்தால துடைச்சா ஒரு கறையும் நிக்காது’ என்றாள் ஒருநாள். எழுத வந்த காலத்தில் இருந்து இவ்வளவு மனம் திறந்த பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அவளுடைய உழைப்பில்தான் எங்கள் குசினியில் உலை கொதித்தது. அன்ரனின் உழைப்பில் பங்கு கொழும்புக்குப் போனது. அவன் பாஸுக்கு உழைக்கிறான், அவள் சோற்றுக்கு உழைக்கிறாள் என்று எனக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டேன்.

நான் அந்தக் கூட்டத்தைக் கண்ட மறுநாள், புதன்கிழமைதான் வினை வந்தது. கனவான் மேற்பார்வைக்கு வந்தார். கடைத்தெருவில் நடந்தார். கொமினிக்கேசன் கடைக்குள் ஒரு பெண் கூண்டுக்குள் நின்று கண்ணாடி தேய்ப்பதைக் கண்டார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார், தேத்தண்ணியையும் தொடவில்லை.

‘உங்கள் பிரதேசத்தில் அனுமதி இல்லாத ஓர் ஆள் தொழில் செய்கிறார். ஒப்பந்தப்படி நீங்கள்தான் முறைப்பாடு எழுதி, அதை நிறுத்த வேண்டும். வீட்டு ஆட்கள் யாரும் இதே தொழில் செய்யவும் கூடாது. இல்லையென்றால் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வோம்.’

அவர் போன பிறகு அன்ரன் கொம்பனிப் பேப்பரை என்னிடம் நீட்டினான். ‘அக்கா, இங்கிலீசில எழுதித் தாங்கோ.’

‘போட்டியாளர் பெயர்?’

‘...றெஜினா.’

‘முகவரி?’

‘இந்த வீடுதான் அக்கா.’

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பாஸ் முடிகிறது. கடிதம் இல்லாவிட்டால் முகாம். றெஜினா தொழிலை விட்டால் அடுப்பெரியாது. இந்தப் பேப்பரை எப்படி நிரப்புவது?

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றாள் றெஜினா. ‘எழுதுங்கோ அக்கா. நான் நாளையில இருந்து போகேல்லை எண்டு எழுதுங்கோ. திரும்ப அந்த முகாமுக்குப் போக என்னால ஏலாது.’ சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். உள்ளே அழுதாள். அந்தப் பேப்பரை எழுதாமலே மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் கந்தோருக்குப் போனோம். அதே மேசை, அதே ஐயா. அன்ரன் நீல ரீ-சேட்டும் நீலத் தொப்பியும் போட்டு, கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான். ஐயா கண்ணாடியைச் சரிசெய்து நிதானமாக வாசித்தார்.

‘வட மாகாணம் முழுக்கவும் உமக்கோ?’

‘ஓம் ஐயா!’ அன்ரனின் நெஞ்சு நிமிர்ந்தது. ‘எனக்கு மட்டும்தான்.’

‘முல்லைத்தீவும்?’

‘ஓம் ஐயா. முல்லைத்தீவும், ஒட்டுசுட்டான், உடையார்கட்டு... எல்லாம் அடங்கும்.’

‘நல்லதாப் போச்சு. அப்ப உம்மட ஊரிலேயே இருந்து செய்யலாமே தம்பி. இஞ்ச ஏன் தங்கோணும்?’

எவ்வளவு நேர்மையான கேள்வி பாருங்கள்! பிரதேசம் பெருத்துப்போனதால் வவுனியாவில் இருப்பதற்கான காரணம் பறந்துவிட்டது.

‘அங்க... அங்க கண்ணாடி இல்லை ஐயா’ என்றான் அன்ரன்.

‘அது கொம்பனி பார்க்கவேண்டிய விஷயம்.’ ஐயா கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். பேனையை எடுத்தார். றெஜினா என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

அப்போது அன்ரன் தொப்பியைக் கழற்றினான். ‘ஐயா, உண்மையான தொழில் செய்யிறது என்ர மனுசிதான். கொமினிக்கேசன் கூண்டுக் கண்ணாடியெல்லாம் அவாதான் துடைக்கிறா. நான் சும்மா பேருக்குத்தான்.’

அவன் அவளை ‘அவா’ என்று மரியாதையாகச் சொன்னதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஐயா றெஜினாவைப் பார்த்தார். ‘ஒரு கூண்டுக் கண்ணாடியை மாதத்தில ஒருக்காத் துடைச்சாக் காணாதோ பிள்ளை? அதுக்கு ஒரு ஆள் வவுனியாவில நிக்கோணுமே?’

‘ஒவ்வொரு நாளும் துடைக்கோணும் ஐயா. சில நாளில ரெண்டு மூண்டு தரமும் துடைக்கோணும்.’

‘ஏன்?’

‘வெளிநாட்டுக்குக் கதைக்க வாற சனம் கண்ணாடியில நெத்தியை முட்டிக்கொண்டு அழுகுதுகள் ஐயா. கண்ணைத் துடைச்சுப்போட்டு அந்தக் கையையே கண்ணாடியில ஊண்டுதுகள். நிமிசம் காட்டுற பெட்டி கூண்டுக்கு வெளியால இருக்கு. கண்ணாடி மங்கினா அடுத்த ஆளுக்கு அது தெரியாது. அழுது கொண்டே கதைச்சு, காசு கூடிப்போய், பிறகு கடைக்காரரோட சண்டை. அதால துடைச்சுக்கொண்டே நிக்கோணும்.’

பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார்.

கடைசியில் ஐயா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். றெஜினாவின் பெயருக்கு நேரே ‘தொழில் – கண்ணாடி துடைத்தல்’ என்று எழுதினார். அன்ரனின் பெயருக்கு நேரே? ‘மனைவியின் வருமானத்தில் தங்கியிருப்பவர்.’ வட மாகாணம் முழுவதற்கும் ஏக உரிமை வாங்கிய என் தம்பி அதை எட்டிப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கியது. கந்தோர் என்றும் பார்க்காமல் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

‘இன்னும் ஒண்டு பிள்ளை’ என்றார் ஐயா, முத்திரையைக் கையில் எடுத்தபடி. ‘இந்தத் தொழில் எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?’

றெஜினா யோசிக்கவே இல்லை. ‘சனம் அழுது முடியிற மட்டும் இருக்கும் ஐயா.’

ஐயா முத்திரையைக் குத்திப் பாஸை நீட்டினார். தவணையைப் பார்த்தேன் – மூன்று மாதம்.

எவ்வளவு நம்பிக்கையுள்ள மனிதர்!