பிரார்த்தனை நேரத்தில் திருப்பிய தண்ணீர்

எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத் தலைவர் பொய் எழுதியிருக்கிறார். உலக சமாதானத்துக்காக நான்கு மதத்தவரும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடிப் பிரார்த்தித்த நாளைப் பற்றிப் போன மாதம் இந்தப் பத்திரிகையில் அவர் எழுதியதைப் படித்தேன். ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் எல்லோரும் கலைந்து போனோமாம். அப்படி நடக்கவில்லை. நான் அங்கே இருந்தவன். அன்றைய அநியாயத்தைச் செய்தவனும் நான்தான்.

ஓமந்தைக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழ் அரசாங்கம் தந்த காணியில் நாங்கள் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அறுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம். வல்லரசுகள் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பதாக ரேடியோவில் தினமும் செய்தி. இங்கே குளத்தில் சேறு தெரியத் தொடங்கியிருந்தது. கோடையில் விளைவிக்கும் சிறுபோக நெல்லுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஒருவருக்கு வாரத்தில் ஒரு பொழுது. அவருடைய முறையில் மற்றவன் மடையைத் தொடக்கூடாது.

என் வயலுக்கு அடுத்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வயல். அந்த வீட்டுக்காரரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய நெல்லில் கதிர் வெளிவரும் பருவம். அந்த நேரம் தண்ணீர் தவறினால் எல்லாம் பதர்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணி வரை அவர் முறை. தலைவர் பிரார்த்தனை வைத்ததும் அதே பின்னேரம்.

தலைவர் அழைக்க வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்டைக்கு எனக்குத் தண்ணி முறை, தலைவர். மடையடியில நிக்க வேணும்" என்றார் நானா.

"நீங்கள் வராட்டி உங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். பேந்து என்ன சர்வமதப் பிரார்த்தனை? மடையைத் திறந்துபோட்டு வாங்கோ. காவலுக்கு நான் ஆள் விடுறன். தண்ணிக்கு நான் பொறுப்பு."

அந்தப் பேச்சை நம்பித்தான் அவர் வந்தார். தலைவர் காவலுக்கு ஆள் விடவில்லை.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான் வாய்க்கால் கரையால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு ஆள் இல்லை. நானாவின் வயலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் வயல் வெடித்துக் கிடந்தது. புதன்கிழமை என் முறை. மூன்று நாள் பொறுத்தால் என் நெல் செத்துப்போகாது. அது தெரிந்துகொண்டே வேட்டியை மடித்துக் கட்டினேன். சேறும் புல்லுக்கட்டியும் வைத்து அவருடைய மடையை அடைத்தேன். என் மடையை வெட்டிவிட்டேன். காலைக் கழுவிக்கொண்டு சமாதானத்துக்காகப் பிரார்த்திக்கப் போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நானா என்னைக் கண்டதும் பாயில் நகர்ந்து இடம் விட்டார். "என்ன தம்பி, குண்டு விழுந்தாப் பிறகு வரலாம் எண்டு இருந்தீங்களோ?" என்று காதுக்குள் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தேவாரம் பாடினார்கள். பாதிரியார் செபித்தார். நீர்ப்பாசனப் பகுதியில் வேலைசெய்த சிங்கள ஓவசியர் பாளியில் சில வரிகள் சொன்னார். கடைசியாக நானா கையேந்தித் துஆ ஓதினார். பிறகு எங்களுக்கும் விளங்கும்படி தமிழில், "எங்கட கையால ஒருத்தருக்கும் தீங்கு வராமப் பாத்துக்கொள், றப்பே" என்றார். எல்லோரும் ஆமீன் என்றோம். நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

முடிய ஆறு மணியாகிவிட்டது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டு நிற்க, நானா வயலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அவருடைய முறை முடிந்து அடுத்த முறைக்காரர் தண்ணீரைக் கொண்டுபோயிருந்தார்.

"என்ட மடையை அடைச்சுப்போட்டாங்க, தலைவர். ஒரு பாத்திகூட நிறையல்ல. ரெண்டு மணித்தியாலம் மாத்தித் தாங்க, அது போதும்."

தலைவர் அவருடைய கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தார். "பத்திரிகைக்காரர் படம் எடுக்க நிக்கிறார். சமாதானத்துக்கெண்டு கூடின இடத்தில சண்டையைக் கிளப்பாதேங்கோ. உங்கட ஆக்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"நான் சண்டைக்கு வரல்ல. தண்ணிதான் கேக்கிறன்."

"அடுத்த முறை பாப்பம். இப்ப வாயை மூடிக்கொண்டு படத்துக்கு வந்து நில்லுங்கோ."

எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று போய்ப் பார்த்திருந்தால் தலைவருக்குத் தெரிந்திருக்கும். போகவில்லை. நான் நாலெட்டுத் தூரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். தேநீரைக் குடித்து முடித்தேன். நானா படத்துக்கு வந்து நின்றார்.

புதன்கிழமை எனக்கு மறுபடியும் தண்ணீர் வந்தது. அடுத்த ஞாயிறு வருமுன் தண்ணீர் தீர்ந்து குளத்தின் மதகை மூடிவிட்டார்கள்.

அறுவடையில் நானாவின் களத்தில் தூற்றத் தூற்றப் பதர்தான் பறந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் செய்ததைச் சொன்னேன்.

"தெரியும். அண்டைக்கே தண்ணி உங்கட வயலில நிண்டதக் கண்டன்" என்றார். "இங்க வந்து என்னட்டச் சொல்லி என்ன? என்னை வாயை மூடச் சொன்ன இடத்தில போய்ச் சொல்லுங்க, தம்பி."

சங்கக் கூட்டத்தில் எழும்பினேன். "அந்தத் தண்ணியை..." என்று தொடங்கினேன். "முடிஞ்ச கதை. இருங்கோ" என்றார் தலைவர். உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆமீனுக்கு அடுத்தபடியாக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளும் காரியம் அதுதான். அடுத்த வருடம் நானா காணியை விட்டுவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டார்.

இதை அவர் படிப்பாரோ தெரியாது. படித்தால், தண்ணீரைத் திருடியவன் நான் என்று ஊரறியச் சொல்லிவிட்டேன் என்று அறிந்துகொள்ளட்டும். சமாதானம் வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால், அதற்காக யாரை வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் என் மனம் தேடுகிறது. தலைவர் அவர்களே, தண்ணிக்கு நான் பொறுப்பு என்று சொன்னீர்களா, இல்லையா? அந்த மனிதன் கேட்ட இரண்டு மணித்தியாலத்தை ஏன் கொடுக்கவில்லை? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கப் பதில் எழுதுங்கள்.