நாற்பது கிராம் குறைவு

வடிவு யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில், புளியோதரைப் பொடியும் சாம்பார்ப் பொடியும் செய்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஆறு வருடமாக அவள் தாக்குப்பிடித்ததற்கு அந்தக் குணம்தான் காரணம். பொடியில் பூச்சி கிடந்தது, பாக்கெட் ஈரமாக வந்தது என்று வரும் புகார்களில் எது மெய், எது இலவசமாக இன்னொரு பாக்கெட் வாங்குவதற்கான பொய் என்று பிரிப்பது அவள் வேலை. ஒருமுறை ஹாசனிலிருந்து ஒருவர், பொடிக்குள் கரப்பான் பூச்சி கிடக்கும் படத்தை அனுப்பினார். பொடிக்குள் கிடந்த கரப்பானின் மேல் ஒரு துளிப் பொடிகூட ஒட்டவில்லையே என்று வடிவு கேட்டாள். ஹாசன்காரர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அன்றிலிருந்து மேலாளர் பிரசாந்த், சந்தேகம் என்றாலே அவளைத்தான் கூப்பிடுவார்.

அவளுக்கு முப்பது வயது. அப்பா ஆறுமுகசாமி ஹனூர்ப் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்கு வந்து மேட்டகள்ளியில் தங்கிவிட்டவர். அவர் கொண்டுவந்த மூன்று மாப்பிள்ளைகளையும் வடிவே விசாரித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருவன் சொன்ன படிப்பை முடிக்கவில்லை. இன்னொருவன் வயதில் நான்கைக் குறைத்திருந்தான். மூன்றாமவனிடம் ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"கல்யாணம் இருக்கட்டும்பா, முதல்ல அந்த சீட்டு" என்பாள். பிரிவின் தலைவர் ரூபா மேடம் தீபாவளியோடு ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த நாற்காலியை வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று, தேநீர் கொண்டுவருபவர் கொஞ்சம் நின்று பேசினால்கூட அவளுக்கு யோசனை வரும்.

அந்த வருடம் மாசியில்தான் குண்டலுபேட்டையிலிருந்து முதல் கடிதம் வந்தது. ஊட்டி ரோட்டில் மெஸ் நடத்தும் ஜடையன் என்பவர் எழுதியிருந்தார். ஒரு கிலோ புளியோதரைப் பொடி பாக்கெட்டில் நாற்பது கிராம் குறைகிறது. தராசில் வைத்த படம், தயாரிப்புத் தேதி, பாக்கெட் எண் எல்லாம் இணைத்திருந்தார். கடிதம் தமிழில் இருந்ததால் நேராக வடிவின் மேசைக்கு வந்தது. ஆனி மாதத்துக்குள் இப்படி ஐந்து கடிதங்கள். ஐந்திலும் நாற்பது கிராமுக்குப் பக்கத்தில்தான் குறைவு. ஐந்திலும், 'தங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும்' என்ற ஒரே முடிவு.

ஏமாற்றுகிறவன்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுவான் என்று வடிவு தீர்மானித்தாள். பெயரே பொய்யாக இருக்கும் என்று தோன்றியது.

"இந்தக் காலத்துல யாருக்காவது ஜடையன்னு பேர் இருக்குமாப்பா?"

"நம்மூர்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு ஜடையன் மேலதான் போய் விழும்" என்றார் ஆறுமுகசாமி.

அப்படியும் அவள் விடவில்லை. பிரசாந்திடம் போய் நின்றாள். அவர் ஐந்து படங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நேராவே ஹோகி பாத்துட்டு வந்துடு வடிவு. ஆளைக் கையும் களவுமா பிடிச்சா, சீட் விஷயம் பேசறது எனக்கும் சுலபம்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் குண்டலுபேட்டைக்குப் போனாள். கம்பெனி அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஊட்டிக்குப் போகிறவள் மாதிரி அந்த மெஸ்ஸில் உட்கார்ந்தாள். எட்டு மேசைகள். சுவரில் விலைப்பட்டியல். கல்லாவில் ஒல்லியான ஓர் ஆள், வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் பேனா. வடிவு தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பொடி பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கிறதா என்று சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டினாள். அந்த ஆள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புளியோதரை இருக்கா?"

"இல்லீங்க. பொடி எடை கம்மியா வருதுங்க. கம்பெனிக்கு எழுதிப்போட்டிருக்குது. பதில் வராம அந்த மூட்டையப் பிரிக்கறதில்லைங்க."

வடிவு தோசை வாங்கிச் சாப்பிட்டாள். காபி குடித்தாள். மறுபடி காபி குடித்தாள். அந்த ஆள் எழுந்து வந்து எதிரே நின்றான்.

"ஏனுங்க, நீங்க ஃபுட் ஆபீசருங்களா?"

"இல்லையே. ஊட்டிக்குப் போறேன்."

"நீங்க உக்காந்தப்பறம் ஊட்டி பஸ்ஸு நாலு போயிருச்சுங்க. மேசைக்கடியில பாத்தீங்க, தண்ணிய மோந்தீங்க. ஆபீசருன்னா சொல்லிப்போடுங்க, லைசென்ஸ் உள்ளதான் இருக்குது."

அவன் தன்னைச் சந்தேகப்படுகிறான் என்பது வடிவுக்குப் பிடிக்கவில்லை. அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் அதைக் கையில் எடுத்து, படத்தையும் அவள் முகத்தையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தான். பிறகுதான் திருப்பிக் கொடுத்தான்.

உள்ளேயிருந்து பிரிக்காத பாக்கெட்டுகள் ஆறைக் கொண்டுவந்தான். தராசில் வைத்தான். தொள்ளாயிரத்து அறுபது. தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. மறுபடி அறுபது.

"தராசு சரியில்லாம இருக்கலாம்" என்றாள் வடிவு.

"இருக்கலாமுங்க. வாங்க, எதிர்க்கடையில போடலாம்."

எதிரே இருந்த மளிகைக் கடையிலும் அதே எடை. இவனுக்குத் தெரிந்த கடையாக இருக்கும் என்று அவள் தயங்கினாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பூ மண்டிக்கு நடந்தான். சாமந்தி எடைபோடும் தராசிலும் நாற்பது கிராம் குறைந்தது. அவள் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிரித்து ஒட்டியதாகத் தெரியவில்லை.

"எதுக்கு எல்லாத்தையும் எடை போட்டுப் பாக்கறீங்க?"

"கண்ண மூடிட்டு வாங்கினா அடுத்தவன் ஏமாத்தறதுக்கு நானே கதவத் தெறந்து விட்ட மாதிரிங்க" என்றான் ஜடையன். ஏன் தமிழில் எழுதுகிறான் என்றும் கேட்டாள். சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம் என்றும், பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுக் கொளத்தூரில் மாமன் வீட்டில் தங்கிப் படித்ததாகவும், கன்னடம் பேச வருமே தவிர எழுதினால் பிழை வந்துவிடும் என்றும் சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில் வடிவின் சந்தேகம் திசை மாறியது. அவன் பொய் சொல்லவில்லை என்றால், பொய் தன் கம்பெனியில் இருக்கிறது. அடுத்த ஒரு வாரம் பாக்கெட் எண்களை வைத்துக்கொண்டு பேக்கிங் பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குறைந்த பாக்கெட்டுகள் எல்லாம் இரண்டாவது மெஷினில், அதைக் கழுவிய மறுநாள் நிரப்பியவை. கழுவிவிட்டு மாட்டும்போது பொடி இறங்கும் வாய் சரியாக உட்காரவில்லை. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. கவனித்துச் சொல்ல ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

அறிக்கை எழுதிப் பிரசாந்திடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "இதை இப்போ யாருகிட்டயும் பேசாதே" என்றார். நான்கு நாள் ஒரு பேச்சும் இல்லை. அறிக்கையை அமுக்கிவிட்டார், சீட்டும் போயிற்று என்று வடிவு முடிவு கட்டினாள். ஐந்தாம் நாள், மேலிடத்துக்கு நேராக எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"நீங்க அனுப்பலைன்னா நான் அனுப்பறேன் சார்."

பிரசாந்த் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அறிக்கை, அவள் கொடுத்த அன்றைக்கே மேலே போயிருந்தது. அவள் பெயரோடு. "மெஷின்காரங்க வந்து பாக்கிறதுக்கு முன்னாடி விஷயம் வெளியே போனா, ஆளுக்கு ஆள் பழி போட்டுக்குவாங்க. அதுக்குத்தான் பேசாதேன்னேன். நீ என்னையும் சந்தேகப்பட்டே, இல்லையா?"

வடிவு கையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மெஷின் சரியானது. தீபாவளிக்கு முந்தின வாரம் பிரிவுத் தலைவர் பதவி அவளுக்கு வந்தது. ஆணையில் தன் பெயருக்கு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று முறை படித்த பிறகுதான் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

கார்த்திகையில் குண்டலுபேட்டையிலிருந்து ஆறாவது புகார் வந்தது. பாக்கெட்டின் மூலை கிழிந்து பொடி கொட்டியிருந்ததாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கிழிசல் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. படத்தின் ஓரத்தில் கத்தரிக்கோலின் சிவப்புப் பிடி தெரிந்தது. மூன்று தராசுக்கு அவளை நடத்திக் கூட்டிப்போன ஆளா இப்படி என்று அவளுக்கு ஏமாற்றமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. போனை எடுத்தாள்.

"ஜடையன் சார், பாக்கெட் கிழியல. கத்தரிக்கோலால வெட்டியிருக்கு."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"மெஷினச் சரி பண்ணிப்போட்டீங்க. எடை சரியா வருது. அப்பறம் உங்களுக்கு எழுதறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

வடிவு போனை வைத்துவிட்டாள். புகாரின் மேல் 'நிராகரிக்கப்பட்டது. வாடிக்கையாளரே வெட்டியது' என்று எழுதினாள். அன்று மாலை முழுவதும், இவன் வேறு எந்தக் கம்பெனிப் பெண்ணுக்கெல்லாம் பாக்கெட்டை வெட்டி அனுப்பியிருப்பான் என்று யோசித்தாள். மறுநாள் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டாள்.

"எண்ணெய்க் கம்பெனிக்கு ரெண்டு தரம் எழுதினேனுங்க. அங்க மெஷின்தான் பதில் சொல்லுது."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க தராசுப் பைத்தியம்னு சொல்லிப்போட்டாங்க."

ஆறுமுகசாமியை ஹனூருக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னாள். அவர் இரண்டு நாள் கழித்து வந்து, "ஒரு குறையும் இல்ல கண்ணு. அதுக்காக வேண்டாம்னு சொல்லிப்போடாத" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைசூரு தேவராஜ மார்க்கெட் வாசலில் பதினொரு மணிக்குச் சந்திப்பது என்று ஆனது. தனியாகத்தான் வருகிறானா என்று பார்க்க, வடிவு பத்தரைக்கே போய் எதிர்ச்சாரியில் ஒரு கடையின் நிழலில் நின்றாள். பத்தே முக்கால் வரை அவனைக் காணவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நான் பத்துக்கே வந்துட்டேனுங்க" என்றான் ஜடையன். "நீங்க வருவீங்களான்னு ஒரு சந்தேகம்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. வேலையை விடச் சொல்வானோ என்று அவள் கடைசிவரை எதிர்பார்த்தாள். மெஸ்ஸை மூடச் சொல்வாளோ என்று அவனும் பயந்திருந்தான். இரண்டும் நடக்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில், நஞ்சன்கூட்டில் வீடு பார்த்தார்கள். காலையில் அவள் ரயில் ஏறி மைசூருக்குப் போனாள். அவன் பஸ் ஏறி குண்டலுபேட்டைக்குப் போனான்.

வீட்டுக்காரம்மா கெம்பம்மா இதைப் பத்து நாள் வாசலிலிருந்து கவனித்தாள். பதினோராம் நாள் காலை, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வடிவின் அருகில் வந்து கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள். "தப்பா நினைக்காதே மகளே. தினமும் நீ அந்தப் பக்கம் போறே, அவர் இந்தப் பக்கம் போறார். ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"இல்லம்மா, ரெண்டு பேருக்கும் வேலை" என்றாள் வடிவு.

கெம்பம்மா தலையை ஆட்டினாள். ஆனால் நம்பின மாதிரி தெரியவில்லை. வடிவு ஸ்டேஷன் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோதும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றிருந்தாள்.