மீட்டரக்கா போட்ட பாத்திகள்

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததே தவிர பட்டப்பெயரிலிருந்து கிடைக்கவில்லை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மீட்டரக்காதான். சும்மா இருக்கச் சொன்னால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் கண் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் விழுந்தது.

உடைந்த கழிப்பறைக் கோப்பை, பஞ்சு பிதுங்கிய மெத்தை, சக்கரமில்லாத மூன்று சைக்கிள். நகராட்சிக்குச் சொந்தமான இடம். அதைத் தோட்டமாக்குகிறோம் என்று மனுக் கொடுத்து, நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். ஆறு மாதம் கெடு. அதற்குள் குடியிருப்போர் அந்த இடத்தைப் பயன்படுத்துவதாகத் தெரியாவிட்டால் அங்கே கார் நிறுத்தப் போகிறார்கள்.

"அந்தக் குப்பைய எவன் அள்றது?" என்றார் கீழ்த்தளத்து சலூன்காரர். மறுநாள் மீட்டரக்கா தனியாக மெத்தையை இழுப்பதைப் பார்த்ததும் கத்திரிக்கோலை வைத்துவிட்டு முதலில் ஓடி வந்தவரும் அவரேதான். பாதி முடி வெட்டிய வாடிக்கையாளர் கழுத்துத் துணியோடு வந்து மறுமுனையைப் பிடித்தார்.

அப்படியே ஆள் சேர்ந்தது. நான்கு மாதத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி, ஓரமாகச் சாமந்தி. தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டினார் மீட்டரக்கா.

கோளாறு அங்கேதான். மாடிப்படி கூட்டுவதில் பத்து வருஷமாக ஒருவருக்கொருவர் டிமிக்கி கொடுத்து வந்த ஜனம் அது. முறைக்காரர் ஊற்றியிருப்பார் என்று ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. கேட்டால் முகம் கோணுமே என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. மூன்றாம் மாடி டீச்சர் விடிந்ததும் ஒரு குடம் ஊற்றினார். சலூன்காரர் மதியம் கடை காலியான நேரம் பார்த்து இரண்டு வாளி. இன்னும் யார் யாரோ. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது.

இலை மஞ்சளாயிற்று. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று ஆளாளுக்கு இன்னொரு வாளி ஊற்றினார்கள். கெடு முடிந்து நகராட்சி அதிகாரி பார்வையிட வருவதற்கு இரண்டு நாள் முன்பு மீட்டரக்கா ஒரு தக்காளிச் செடியைத் தொட்டார். அழுகிய வேரோடு அது கையில் வந்துவிட்டது. மற்றவற்றுக்கும் அதே கதிதான்.

"நர்சரியில பத்துத் தொட்டி வாங்கி நட்டுடலாம்க்கா. வர்றவருக்கு என்ன தெரியப் போவுது?" என்றார் சலூன்காரர்.

"ஒரு வீட்டுக்கும் நான் பொய் ரீடிங் எழுதுனதில்ல. இருக்கறதக் காட்டுவோம்."

அதிகாரி வந்தார். சேற்றைப் பார்த்தார்.

"செடி எங்கம்மா?"

"செத்துப்போச்சு சார். தண்ணி ஊத்தியே கொன்னுட்டோம்."

"யாரு ஊத்தினது?"

அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. டீச்சர் சலூன்காரரைக் கைகாட்டினார். "நான் ஒரு குடம்தான். இவர் ரெண்டு வாளி." ஜன்னலில் நின்று கேட்டவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து, கணுக்கால் அளவு சேற்றில் நின்று, தாங்களும் ஊற்றியதை ஒப்புக்கொண்டார்கள். அதிகாரி தலைகளை எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

படிவத்தை நிரப்பி மீட்டரக்காவிடம் நீட்டினார். செடிகள்: இல்லை. குடியிருப்போர் பயன்பாடு: தேவைக்கு மேல். முடிவு: தோட்டத்துக்கே விடலாம்.

மீட்டரக்கா அதை இரண்டு தடவை படித்தார். இத்தனை பேரும் யாருக்கும் தெரியாமல் இந்த மண்ணைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துணி பாழாவதைக்கூடப் பார்க்காமல் பாத்தியின் விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

டீச்சர் குனிந்து அவர் தோளைப் பிடித்தார்.

"அழாதீங்கக்கா. ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி."